பிறவாத கன்றின் கணக்கு



மாட்டுச் சந்தைக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பீர்கள். மாடு வாங்க வந்தவர் முதலில் பல்லைப் பிடித்து வயதைப் பார்ப்பார். பிறகு மாட்டைச் சுற்றி வந்து, நெற்றியிலும் முதுகிலும் விலாவிலும் மயிர் சுழித்திருக்கும் இடங்களைத் தடவிப் பார்ப்பார். இந்தச் சுழி ஆகும், அந்தச் சுழி ஆகாது என்பார். இதனைக் கேட்டு நகைக்க வேண்டா. பிரான்சு நாட்டில் பிரான்சுவா கேனோன் என்பவர், பசுவின் பின்புறத்தில் மடிக்கு மேலே, மயிர் மேல்நோக்கி வளர்ந்திருக்கும் பரப்பின் வடிவத்தைக் கொண்டே அது எவ்வளவு பால் கறக்கும் என்று சொல்லிவிடலாம் என ஒரு நூலே எழுதினார். 1838-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலைப் படித்த பண்ணையாளர்கள் பலர், அட்லாண்டிக் மாகடலின் இருகரைகளிலும், அதனை நம்பினர்.

சுழி பார்ப்பவரும் கேனோனும் சொன்ன விடை தவறாயிருக்கலாம். அவர்கள் கேட்ட கேள்வி தவறன்று. புலப்படும் ஓர் அடையாளத்தைக் கொண்டு, புலப்படாத ஒரு குணத்தை முன்கூட்டியே அறிய முடியுமா என்பதே அக்கேள்வி. இந்த நூற்றாண்டில் அதற்கு விடை கிடைத்திருக்கிறது. அடையாளம் மயிரில் இல்லை, உயிரணுவுக்குள்ளே இருக்கிறது. அவ்விடை கிடைத்த வரலாற்றையும், அதனால் வெளிப்பட்ட ஒரு மறைந்த தீங்கையும், அமெரிக்க நாட்டின் ஹோல்ஸ்டீன் இனக் கறுப்பு வெள்ளை மாடுகளைக் கொண்டு விளக்க முற்படுகிறேன்.

பசு நல்லதா அல்லதா என்பதைக் கறந்து பார்த்து அறியலாம். டென்மார்க்கில் வேயென் என்னும் ஊரில் 1895-ஆம் ஆண்டிலேயே குடியானவர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். பாலை நிறுக்கவும் அதிலுள்ள கொழுப்பைச் சோதிக்கவும் தெரிந்த ஒருவரைப் பண்ணை பண்ணையாக அனுப்பி, ஒவ்வொரு பசுவின் கணக்கையும் குறிப்பேட்டில் எழுதச் செய்தனர். இவ்வழக்கம் சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவுக்கும் பரவியது. ஆனால் காளையின் பாடு வேறு. காளையிடம் பால் கறந்து பார்க்க முடியாது. இருப்பினும் ஒரு மந்தையின் எதிர்காலம் காளையையே பெரிதும் சார்ந்திருக்கிறது. ஒரு பசு தன் வாழ்நாளில் ஈனும் கன்றுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். செயற்கைமுறைக் கருவூட்டல் வந்தபின் ஒரு காளைக்கு ஆயிரக்கணக்கான கன்றுகள் பிறக்கலாயின. 1949-ஆம் ஆண்டில், இலண்டனை அடுத்த மில் ஹில் ஆராய்ச்சிக்கூடத்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்னும் மூவர், கிளிசரினைச் சேர்த்து உறையவைத்தால் விந்தணு மீண்டும் உயிர்ப்புடன் எழும் என்று கண்டனர். அதன் பிறகு காளை இறந்த பின்னும் அதன் சந்ததி பெருகத் தடையில்லாமற் போயிற்று.

ஆகவே, எந்தக் காளையைத் தேர்வது? பெண்ணைக் கொண்டு தந்தையை மதிப்பிடுவது ஒன்றே வழியாயிருந்தது. இளங்காளையின் விந்தை எடுத்துப் பல பண்ணைகளுக்கு அனுப்புவர். ஒன்பது மாதத்தில் கன்றுகள் பிறக்கும். அவற்றுள் கிடாரிகள் வளர்ந்து, சினையாகி, ஈன்று கறவைக்கு வர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். அவற்றின் பாலை ஓர் ஈற்றுக் காலம் முழுவதும் அளந்து முடிக்கும்போது தந்தைக்கு ஐந்து அல்லது ஆறு வயது ஆகிவிடும். அதுவரை அதற்குத் தீனி போட்டுக் காத்திருக்க வேண்டும். இவ்வாறு சோதிக்கப்பட்ட காளைகளில் பத்துக்கு ஒன்றுதான் தேறும். மற்ற ஒன்பதும் வீண் செலவு.

இவ்விடத்தில் ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, நல்ல காளைக்கும் நல்ல பசுவுக்கும் பிறந்த கன்று நல்லதாகத்தானே இருக்கும்? காத்திருப்பானேன்?” என்று கேட்கக்கூடும். நல்ல கேள்வி. ஒரே தாய் தந்தையருக்குப் பிறந்த உடன்பிறப்புகள் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பதில்லை என்பது வீட்டிலேயே நமக்குத் தெரிந்த உண்மை. மாட்டின் உயிரணுவில் முப்பது இணைக் குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலிருந்தும் ஒன்றைத்தான் தந்தை கன்றுக்கு அளிக்கிறது, தாயும் அவ்வாறே. இரண்டில் எது வரும் என்பது காசைச் சுண்டிப் போடுவது போன்றது. போதாக்குறைக்கு, இணையின் இரண்டு உறுப்புகளும் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்ட பிறகே பிரிகின்றன. எனவே உடன்பிறந்த இரு காளைக் கன்றுகளின் வம்சாவளி ஏட்டில் எழுதப்பட்டிருப்பது ஒன்றே. உள்ளே இருப்பது வேறு வேறு. ஏடு அவ்விரண்டுக்கும் ஒரே மதிப்பைத் தரும். அவற்றுள் எது தந்தையின் நல்ல பாதியைப் பெற்றது என்று ஏட்டால் சொல்ல முடியாது.

அதைச் சொல்ல வல்லது டி.என்.ஏ. என்னும் இரசாயன இழையே. நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட மிக நீண்ட நூல் அது என்று கொள்ளலாம். மாட்டின் நூலில் சற்றேறக்குறைய 300 கோடி எழுத்துக்கள் இருக்கின்றன. மான்டானா மாநிலத்தில் ஓர் அரசாங்க ஆராய்ச்சிப் பண்ணையில் வளர்ந்த டாமினெட் என்னும் ஹெரிபோர்டு இனப் பசுவின் நூலை எழுத்தெழுத்தாகப் படித்து, அதில் குறைந்தது 22,000 மரபணுக்கள் உள்ளன என்று 2009-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் வெளியிட்டனர்.

பால் வளத்துக்கு உரிய மரபணு எது என்று முதலில் தேடினர். ஒன்றிரண்டு கிடைக்கவும் செய்தன. பாலின் கொழுப்பைக் கணிசமாக மாற்றும் மரபணு ஒன்று 2002-இல் கண்டறியப்பட்டது. ஆயினும் தேடல் பெரும்பாலும் ஏமாற்றமே அளித்தது. பால் வளம் ஒரு மரபணுவின் வேலையன்று. ஆயிரக்கணக்கான மரபணுக்கள் ஒவ்வொன்றும் துளித்துளியாகச் சேர்ப்பது அது. துளியைத் தனியே எடுத்து நிறுக்க முயன்றால் தராசு அசையாது.

2001-ஆம் ஆண்டில் மியூவிசன், ஹேய்ஸ், கோடார்ட் என்னும் மூவர் வேறொரு வழியைக் கூறினர். மரபணுவைத் தேடவே வேண்டா என்றனர். ஒரு நெடுஞ்சாலையை எண்ணிக் கொள்ளுங்கள். சாலையோரம் ஆங்காங்கே புதையல் இருக்கிறது. எங்கே என்று தெரியாது. ஆனால் சாலை முழுவதும் நெருக்கமாக மைல்கற்கள் நட்டிருந்தால், ஒவ்வொரு புதையலும் ஏதாவதொரு கல்லின் அருகில்தானே இருக்கும்? குரோமோசோம் பெரிய பெரிய துண்டுகளாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்வதால், கல்லும் அதன் பக்கத்துப் புதையலும் பெரும்பாலும் சேர்ந்தே பயணம் செய்யும். ஆகவே புதையலைக் காணாமலேயே கல்லுக்கு மதிப்புப் போடலாம். எல்லாக் கற்களுக்கும் ஒரே சமயத்தில் மதிப்புப் போட்டுக் கூட்டினால் விலங்கின் மதிப்பு வந்துவிடும். இதை அவர்கள் கணினியில் உருவாக்கிய கற்பனை மந்தையைக் கொண்டே நிறுவினர். அத்தனை கற்களைக் குறைந்த செலவில் படிக்கும் கருவி அப்போது உலகில் இல்லை! கணக்கு முன்னே சென்று, கருவி பின்னே வந்த நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. ஏழெட்டு ஆண்டுகள் கழித்து அக்கருவி வந்தது. கைவிரல் அளவே உள்ள ஒரு சில்லு, ஒரு மாட்டின் டி.என்.ஏ.யில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் எந்த எழுத்து இருக்கிறது என்று படித்துச் சொல்லிற்று.

கற்களுக்கு மதிப்புப் போடுவது எங்ஙனம்? இங்கேதான் பழைய குறிப்பேடுகள் உயிர் பெற்றன. சில ஆயிரம் காளைகளின் உறைவிந்துக் குச்சிகள் சேமிப்பில் இருந்தன. அக்காளைகளின் பெண்கள் கறந்த பால் பல்லாண்டுகளாக எழுதி வைக்கப்பட்டிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டு, இன்ன கல்லில் இன்ன எழுத்து இருந்தால் பால் இவ்வளவு கூடுகிறது, இவ்வளவு குறைகிறது என்று கணினி கற்றுக்கொண்டது. அதன்பின் புதிதாகப் பிறந்த ஒரு கன்றின் மயிர்க்கால் சிலவற்றைப் பிடுங்கி அனுப்பினாலே போதும். அது பெரிதாகிச் சந்ததியைத் தருமுன்பே அதன் மதிப்பைச் சொல்லிவிடலாம்.

அமெரிக்க விவசாயத் துறை 2009 ஜனவரியில் இம்முறையை அதிகார பூர்வமாக ஏற்றது. பேட்ஜர் பிளஃப் ஃபேனி ஃபிரெட்டி என்ற நீண்ட பெயருடைய ஒரு காளைக்கு அப்போது கணக்கில் ஒரு பெண் கூட இல்லை. ஆயினும் நாட்டிலேயே சிறந்த இளங்காளை அது என்று ஐம்பதாயிரம் கற்களைக் கண்டு அறிவித்தனர். பின்னர் அதன் பெண்கள் கறவைக்கு வந்தன, அறிவிப்பு பொய்க்கவில்லை. பால் அளவு போன்ற குணங்களில், பெற்றோரின் மதிப்பை மட்டும் கொண்டு சொல்லும் கணிப்பின் நம்பகம் நூற்றுக்கு முப்பத்தைந்து என்றால், சில்லின் உதவியால் அஃது எழுபதை எட்டுகிறது. பெண்களைக் கொண்டு சோதித்த பழைய முறையின் நம்பகம் இதனினும் மிகுதி என்பது உண்மையே. ஆனால் காலத்தைக் கவனியுங்கள். அடுத்த தலைமுறைக் காளைகளை ஈனச் செய்த தந்தையின் சராசரி வயது ஏழு ஆண்டுகளாயிருந்தது. சில ஆண்டுகளில் அது இரண்டரைக்கும் கீழே இறங்கிற்று. ஒரு படி ஏறிய காலத்தில் இப்போது ஏறத்தாழ மூன்று படிகள் ஏறுகிறார்கள்.

இதுவரை சொன்னது வெற்றியின் கதை. இனிச் சொல்வது என் உள்ளத்தை அதிகம் ஈர்த்த பகுதி.

1962-ஆம் ஆண்டில் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு காளை பிறந்தது. பானீ ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்பது அதன் பெயர். அதன் பெண்கள் கறந்த பாலின் அளவைக் கண்டு பண்ணையாளர்கள் வியந்தனர். எல்லாரும் அதன் விந்தையே கேட்டனர். அதற்கு 16,000 பெண்களும், 5,00,000 பெயர்த்திகளும், இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட கொள்ளுப் பெயர்த்திகளும் உண்டாயினர். ஹோல்ஸ்டீன் இனம் முழுவதிலும் உள்ள மரபுப் பொருளில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு இந்த ஒரு காளையிலிருந்து வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இத்தனை பெரிய குலத்தைத் தோற்றுவித்த அரசன் எவனும் சரித்திரத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காளையின் நூலில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. ஒரே ஓர் எழுத்து. ஏபாஃப்-1 என்னும் மரபணுவின் நடுவே, வாக்கியம் முடியுமுன்பே முற்றுப்புள்ளி விழுந்தது போன்ற பிழை. கரு வளரும்போது தேவையற்ற உயிரணுக்கள் முறைப்படி மடிய வேண்டும். சிற்பி வேண்டாத கல்லைச் செதுக்கி எறிவது போன்ற வேலை அது. அவ்வேலைக்கு இம்மரபணு இன்றியமையாதது. ஆனால் இணையில் ஒன்று கெட்டிருந்தாலும் மற்றொன்று சரியாக இருந்தால் வேலை நடந்துவிடும். ஆகையால் சீஃப் நோயின்றி வாழ்ந்தது. அதன் கன்றுகளில் பாதி அப்பிழையைப் பெற்றும் நலமாகவே இருந்தன.

மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட விதியை இங்கே நினைவு கூருங்கள். பிழையைச் சுமக்கும் காளையும் பிழையைச் சுமக்கும் பசுவும் சேர்ந்தால், நான்கு கருவில் ஒன்று பிழையில்லாமல் இருக்கும். இரண்டு ஒற்றைப் பிழையைச் சுமக்கும். ஒன்று இரட்டைப் பிழை பெறும். இரட்டைப் பிழை பெற்ற கரு தாயின் வயிற்றிலேயே மடிந்துவிடும். சீஃபின் பேரர்களும் பெயர்த்திகளும் நாடெங்கும் நிறைந்தபோது, இத்தகைய சேர்க்கைகள் தாமாகவே பெருகின. குடியானவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: பசு சினை நிற்கவில்லை, அல்லது சில மாதத்தில் கரு சிதைந்துவிட்டது. தீனியைக் குறை சொன்னான். வெயிலைக் குறை சொன்னான். ஊசி போட்டவரைக் குறை சொன்னான். மடிந்த கருவை யாரும் ஏட்டில் எழுதவில்லை. எழுதாத ஒன்றை எந்தக் கணக்கு காட்டும்?

காட்டிற்று! அதுதான் வியப்பு. மேரிலாந்து மாநிலத்தின் பெல்ட்ஸ்வில்லில் அமெரிக்க விவசாயத் துறையைச் சேர்ந்த வான்ராடன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2011-இல் ஒரு புதிய வினாவை எழுப்பினர். அவர்களிடம் பல்லாயிரம் மாடுகளின் சில்லுப் பதிவுகள் இருந்தன. குரோமோசோமின் ஒவ்வொரு துண்டையும் எடுத்து, இத்துண்டை இருபக்கமும் பெற்ற மாடுகள் மெண்டலின் விதிப்படி எத்தனை இருக்க வேண்டும், உண்மையில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணினர். சுமப்போர் இருவருக்குப் பிறந்த நானூறு கன்றுகளை எண்ணினால், குறிப்பிட்ட துண்டை இரட்டையாகப் பெற்றவை நூறளவில் இருக்க வேண்டும் அல்லவா? சில துண்டுகளில் ஒன்றுகூட இல்லை. ஹோல்ஸ்டீன் இனத்தில் இத்தகைய துண்டுகள் மூன்றும், ஜெர்சி, பழுப்பு சுவிஸ் இனங்களில் ஒவ்வொன்றும் அகப்பட்டன. வந்தவர்களின் பெயரைப் படித்து வராதவர்களைக் கண்டுபிடிக்கும் வருகைப் பதிவேட்டின் உத்திதான் இது. நாற்பதாண்டு காலம் அதைக் கையில் வைத்திருந்தவன் என்பதால் எனக்கு இது மிகவும் பிடித்துப் போயிற்று. மூன்று துண்டுகளில் ஒன்றின் தடத்தைப் பின்பற்றிச் சென்றபோது அது சீஃப் காளையிடம் போய் நின்றது. பிழையான எழுத்து எது என்பது அதன் பிறகே தெரியவந்தது.

2016-இல் வெளியான ஆராய்ச்சி, இந்த ஒரே எழுத்தால் முப்பத்தைந்து ஆண்டுகளில் உலகெங்கும் சுமார் 5,25,000 கருக்கள் சிதைந்திருக்கும் என்றும், நட்டம் 42 கோடி டாலர் இருக்கும் என்றும் மதிப்பிட்டது. அதே ஆராய்ச்சியாளர்கள் மறுபக்கத்தையும் கூட்டிப் பார்த்தனர். சீஃபின் சந்ததி அதிகமாகக் கறந்த பாலின் மதிப்பு 3,000 கோடி டாலர்! வரவையும் செலவையும் எதிரெதிரே வைத்தால், அக்காளையைப் பயன்படுத்தியது தவறு என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஆனால் என் மனம் இந்த ஐந்தொகையோடு முழுதும் ஒப்பவில்லை. வரவு நாடு முழுவதும் பரவலாக வந்தது. செலவோ, காரணம் தெரியாமலே வெற்றுப் பசுவை வைத்துக்கொண்டு நின்ற தனித்தனிக் குடியானவன் தலையில் விழுந்தது. இப்போது அந்த நிலை மாறிவிட்டது. பொலிகாளைகளின் பட்டியலில், பிழையைச் சுமக்கும் காளை எது என்று குறியிட்டே அச்சிடுகிறார்கள். சுமக்கும் காளை அனைத்தையும் கழித்துவிட வேண்டுவதில்லை; சுமக்கும் பசுவோடு அதைச் சேர்க்காமலிருந்தால் போதும்.

மறைந்த பிழை ஒருபுறம் இருக்க, தெரிந்தே செய்த பிழையும் உண்டு. அமெரிக்காவில் 1944-இல் 2 கோடியே 56 இலட்சம் கறவைப் பசுக்கள் 5,300 கோடி கிலோகிராம் பால் தந்தன. 2007-இல் 92 இலட்சம் பசுக்களே 8,400 கோடி கிலோகிராம் தந்தன. தீனிக்கும் பராமரிப்புக்கும் இதில் பங்குண்டு என்றாலும், தேர்வுக்குரிய பங்கு பெரிது. ஆனால் பாலையே பார்த்துத் தேர்ந்த அந்த ஆண்டுகளில் பசுவின் சினை பிடிக்கும் தன்மை தேய்ந்துகொண்டே வந்தது. உடலில் உள்ளதையெல்லாம் மடிக்கு அனுப்பும் பசு கருப்பைக்கு எதை அனுப்பும்? 1994-இல் பசுவின் ஆயுளையும் மடியின் நலத்தையும், 2003-இல் சினை பிடிக்கும் தன்மையையும் மதிப்பெண்ணில் சேர்த்தனர். சினை பிடிப்பதில் பசுவுக்குப் பசு காணும் வேறுபாட்டில் மரபின் பங்கு நூற்றுக்கு நான்கே, எஞ்சியது சூழ்நிலை. இத்தகைய மெலிந்த குணத்தைச் சில பெண்களைக் கொண்டு பழைய முறையில் மதிப்பிடுவது அரிது. ஐம்பதாயிரம் கற்களையும் பெருந்தொகையான பதிவுகளையும் கொண்ட புதிய முறை அதனைச் செய்தது. தேய்ந்த தன்மை மீண்டும் ஏறத் தொடங்கிற்று.

விரைவாக ஏறுவதில் இன்னோர் இடர் உண்டு. எல்லாரும் ஒரே பட்டியலின் உச்சியிலிருந்து காளையைத் தேர்கிறார்கள். அக்காளைகள் ஒன்றுக்கொன்று உறவு. அமெரிக்காவில் ஹோல்ஸ்டீன் பசுக்கள் பல இலட்சம் இருக்கின்றன. ஆனால் மரபு வேறுபாட்டை அளந்தால், நூறுக்கும் குறைந்த விலங்குகளே கொண்ட மந்தைக்கு அது சமம் என்கிறது கணக்கு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வட அமெரிக்காவின் ஹோல்ஸ்டீன் பொலிகாளைகள் ஏறத்தாழ அனைத்தின் தந்தைவழியும் 1880-களில் பிறந்த இரண்டே காளைகளில் சென்று முடிகிறது. அவ்விரு வழிகளுள் ஒன்று நம் சீஃப் வழியாக வந்தது. மற்ற தந்தைவழிகள் அற்றுப் போயிருந்தன. கொலராடோவில் அரசாங்க விந்துச் சேமிப்பகத்தில் தேடியபோது, அற்றுப்போன வழிகளைச் சேர்ந்த இரண்டு பழைய காளைகளின் உறைவிந்து கிடைத்தது. அதைக் கொண்டு அவ்வழிகளில் மீண்டும் கன்றுகளைப் பிறப்பித்திருக்கிறார்கள்.

இனி, நம் நாட்டு நிலை. ஹோல்ஸ்டீன், ஜெர்சி இரத்தம் கலந்த பசுக்கள் தமிழகத்துக் கொட்டில்கள் பலவற்றில் நிற்பதால் இக்கதை நமக்கு அயலதன்று. ஆயினும் அமெரிக்கச் சில்லின் மதிப்பெண்களை அப்படியே எடுத்து நம் திமில் மாடுகளின் மேல் ஒட்ட முடியாது. சிந்து சமவெளிப் பகுதியில் பழக்கப்படுத்தப்பட்ட திமில் மாடும், மேற்காசியாவில் பழக்கப்படுத்தப்பட்ட ஐரோப்பிய மாடும் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த இரு கிளைகள். அங்கே புதையலின் பக்கத்தில் இருந்த கல், இங்கே வெறும் கல்லாக இருக்கக்கூடும். இதனை உணர்ந்தே குஜராத்தின் ஆனந்த் நகரில் உள்ள தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம், இந்திய இனங்களுக்கும் கலப்பினங்களுக்கும் ஏற்ற ‘இண்டஸ்சிப்’ என்னும் சில்லை உருவாக்கியது.

சில்லு கற்களைப் படித்துக் கொடுத்துவிடும். மதிப்பைக் கற்றுக்கொடுக்க வேண்டியவர் பால் கறப்பவரே. அமெரிக்கப் பண்ணையில் நூற்றுக்கணக்கான பசுக்களின் பாலைக் கருவியே அளந்து எழுதிவிடுகிறது. நம்மிடம் இரண்டு பசு, மூன்று பசு வைத்திருக்கும் குடும்பங்களே மிகுதி. கறந்த பாலைச் சங்கத்தில் ஊற்றும்போது பசுக்களின் பால் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. எந்தப் பசு எவ்வளவு கறந்தது என்பது வீட்டாருக்கு மட்டுமே தெரியும். எழுதி வைப்பதும் அரிது. நம் மாடுகளின் காதில் பன்னிரண்டு இலக்கம் பொறித்த மஞ்சள் வில்லை தொங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்த எண்ணுக்கு எதிரே மாதம் ஒரு நாள் காலைப் பாலும் மாலைப் பாலும் நிறுத்து எழுதப்பட வேண்டும். கருவூட்டிய நாளும், காளையின் எண்ணும், ஈன்ற நாளும் எழுதப்பட வேண்டும். கரு சிதைந்தால் அதுவும் எழுதப்பட வேண்டும்.